நாற்பது அக்காவின் வலது கால்

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் நாற்பது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதை வைத்து வந்த பெயர் இல்லை. வயது அதைத் தாண்டி ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. அவர் ஓட்டுகிற காரின் வேக முள் நாற்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. பின்னால் லாரிக்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்தாலும் சரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தாலும் சரி, நாற்பதுதான். கேட்டால், "உள்ள உட்கார்ந்திருக்கிறவங்க முட்டை மாதிரி அண்ணே. உடைஞ்சா யாரு ஒட்டுறது?" என்பார்.

அவர் ஏற்றிப் போவது மூன்று பேரை. மூன்று பேருக்கும் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர். முன் சீட்டு அவருடையது. "இந்தப் பொண்ணு ஓட்டுற வண்டியில எனக்குப் பயமே இல்ல. சாவு துரத்திக்கிட்டு வந்தாக்கூட, பொறுமை இல்லாம நம்மள முந்திக்கிட்டுப் போயிடும்" என்று என் மெக்கானிக் கொட்டகை வாசலில் நின்று ஒரு நாள் சொன்னார். நாற்பது அக்காவும் சிரித்தார்.

இப்படிப்பட்டவருடைய காலைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். தெரியாமல் சொன்ன பொய் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கால் எப்படிப்பட்ட கால் என்று சொல்ல வேண்டும்.

அவர் பதினாலு வருடம் ஒரு பல்பு கம்பெனியில் அட்டைப்பெட்டி அடைக்கிற வேலை பார்த்தார். ஒரு நாள் சரக்கு ஏற்றிய தள்ளுவண்டி வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கிவிட்டது. மூன்று விரல் போயிற்று. கட்டை விரலும் அடுத்த விரலும்தான் மிச்சம். செருப்பு போட்டால் நழுவும் என்பதால் எப்போதும் ஷூதான். வலது ஷூவின் முனையில் பழைய துணியைச் சுருட்டித் திணித்திருப்பார். பிறகு கம்பெனியையே மூடிவிட்டார்கள். கணவர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பு.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய தம்பிக்கு முதுகெலும்பில் வட்டு விலகியது. தம்பி சொந்தமாகக் கார் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. கார் வாசலில் தூசி படிந்து நின்றது. "நான் ஓட்டுறேன்டா" என்று அக்கா சொன்னபோது தம்பி சிரித்தாராம். "ரெண்டு விரலை வச்சுக்கிட்டா?" என்றாராம்.

உடல்தகுதிச் சீட்டு கொடுக்கிற டாக்டர் அவரை வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். நின்றார். போதும் என்று டாக்டர் சொன்ன பிறகும் நின்றாராம். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றார். இரண்டு முறையும் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டுவிட்டது. அப்புறம் ஒரு மாதம், மதியம் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, தம்பியைப் பக்கத்தில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி மேட்டில் நிறுத்துவதும் எடுப்பதுமாகவே இருந்தார். மூன்றாவது முறை பாஸ். குட்டையானவர் என்பதால் சீட்டில் ஒரு பச்சை மெத்தைத் தலையணை போட்டு அதன் மேல் உட்காருவார். வீட்டுக்குப் போகும்போது அதை எடுத்துத் தட்டி, வெயில்படுகிற பக்கமாகப் பின் கண்ணாடி ஓரம் வைத்துவிட்டுப் போவார்.

இனி என்னைப் பற்றி. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தகரக் கொட்டகையில் முப்பது வருடமாகக் கார் வேலை. காதாலும் கையாலும் கற்றுக்கொண்ட தொழில். எந்த வண்டி வந்தாலும் பானட்டைத் திறக்கும் முன் அதன் மேல் கையை வைத்து, "கடவுளே, இதுல போறவங்க பத்திரமா போய்ச் சேரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். என் மனைவி கேலி செய்வாள். "வண்டிக்கு ஜுரமான்னு பார்க்கிறீங்களா?" என்பாள். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. அந்தப் பொய் சொன்ன நாளிலும் கையை வைத்தேன், வேண்டிக்கொண்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

நடந்தது இது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அந்தக் காரில் சும்மா நிற்கும்போதே இன்ஜின் சத்தம் தானாக ஏறுகிறது என்று நாற்பது அக்கா கொண்டுவந்தார். நான் முதலில் த்ராட்டில் சென்சாரைச் சந்தேகப்பட்டேன். அது இன்ஜினுக்குக் காற்று போகிற வழியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன டப்பா. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. மூன்று வயர் போகும். ஒன்றில் ஐந்து வோல்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவது சேதி சொல்கிற வயர். காலை எடுத்தால் அதில் அரை வோல்ட்டுக்குப் பக்கம் காட்டும். முழுக்க மிதித்தால் நாலரைக்குப் பக்கம். நடுவில் எங்கும் குதிக்காமல் ஏற வேண்டும்.

அந்த வோல்ட்டை அளக்க, சாக்கெட்டின் பின்பக்கமாக மெல்லிய கம்பியைச் செருகுவதுதான் முறை. எனக்கு அதற்குப் பொறுமை கிடையாது. வயரின் தோலிலேயே ஊசியைக் குத்தி, ஊசியில் மீட்டரை வைத்துவிடுவேன். தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான். ஆனால் மற்றவர்கள் குத்துவது குண்டூசி. அது என் விரலில் நிற்பதில்லை என்று நான் வைத்திருந்தது சாக்கு தைக்கிற ஊசி. தட்டையான முனை, குத்தினால் ஓட்டை நீளவாக்கில் விழும். குத்திய இடத்தில் தண்ணீர் இறங்காமல் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து, டேப் சுற்றிவிட வேண்டும். அதற்கென்றே ஒரு சிவப்பு நகப்பூச்சு குப்பி வைத்திருந்தேன். "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நாள் வாங்கித் தந்தது இல்ல, கார் வயருக்கு அலங்காரம்" என்று அதற்கும் மனைவி ஒரு பேச்சு வைத்திருந்தாள்.

அன்றைக்குச் சென்சார் நன்றாக இருந்தது. கோளாறு வேறு இடத்தில், காற்று வழியில் அழுக்கு. துடைத்தேன், சரியாயிற்று. நகப்பூச்சு வைத்தேனா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இந்த வருடம் மழை முடிந்த பிறகு அதே கார் வேறு குறையோடு வந்தது. போகும்போது திடீரென்று இழுவை விட்டுவிடுகிறது, முன்னும் பின்னும் உதறுகிறது, ஒரு தடவை ஆஸ்பத்திரி மேட்டில் ஆளோடு அணைந்தே போய்விட்டது. முன்னால் மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது. கோளாறு எண்ணைக் காட்டுகிற ஸ்கேனரைப் போட்டேன். எனக்கு அந்த ஆங்கிலம் வாசிக்க வராது. எண்ணைப் பார்த்துத்தான் சொல்லுவேன். த்ராட்டில் சென்சாரின் சேதி குறைவாக வருகிறது என்கிற எண். சென்சாரை மாற்றினேன். விளக்கை அணைத்தேன். "சரியாச்சும்மா, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. நாற்பது அக்கா ஒரு காகிதத்தையும் கொண்டுவந்திருந்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து.

"அண்ணே, எப்ப எப்ப இப்படி ஆச்சுன்னு எழுதி வச்சிருக்கேன். பார்த்தீங்கன்னா ஏதாச்சும் பிடிபடும்."

கொட்டகையில் வேறு இரண்டு வண்டிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கையெழுத்தை நான் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும். உதடு அசையும். அவர்கள் முன்னால் அப்படி நிற்க எனக்குக் கூச்சம். "வச்சிட்டுப் போங்கம்மா, பார்க்கிறேன்" என்று வாங்கி, மேடையில் வைத்து, பறக்காமல் இருக்க ஆயில் டப்பாவை அதன் மேல் வைத்தேன். பிறகு மறந்துபோனேன். மறந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. ஆயில் டப்பாவை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது.

காரை நான் ஓட்டிப் பார்த்தேன். தனியாக, கொட்டகைக்கு முன்னால் இருக்கிற சமமான ரோட்டில், மூன்று நாள். வெண்ணெய் மாதிரி போயிற்று. ஒரு குலுக்கல் இல்லை. ஆனால் ஸ்கேனரில் அதே எண் திரும்ப விழுந்திருந்தது, அதாவது அவர் ஓட்டியபோது. புது சென்சார் மாட்டியும் அதே எண் என்றால் கோளாறு வயரில் இருக்க வேண்டும், இல்லை கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு படம் உண்டு. அந்தப் படமும் எனக்கு வாசிக்கத் தெரியாது.

நாலாம் நாள் தம்பி வந்தார். முதுகுக்கு இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, நின்றபடியே பேசினார். அக்காவும் கூட வந்திருந்தார். அன்றும் கொட்டகையில் ஆள் இருந்தது.

"அண்ணே, சென்சாரையும் மாத்தியாச்சு. இன்னும் என்னதான் கோளாறு? மூணு நோயாளிங்க வண்டிக்குள்ள. நடு மேட்டுல நின்னா பின்னாடி பஸ் வருது. உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சின்ன வார்த்தை. முப்பது வருடத்தில் ஆட்கள் முன்னால் நான் அதைச் சொன்னதே இல்லை. வாய் திறந்தபோது வேறு வந்தது.

"வண்டியில ஒண்ணும் இல்ல தம்பி. நான் மூணு நாள் ஓட்டினேன், ஒரு சத்தம் இல்ல. ஓட்டுறவங்க கால் ஒரே சீரா மிதிக்கணும். பெடல்ல கால் நடுங்கினா வண்டி உதறத்தான் செய்யும்."

கால் நடுங்கினால் கம்ப்யூட்டரில் அந்த எண் விழாது. அது எனக்கு அப்போதே தெரியும். அவர் ஷூவுக்குள் துணி திணித்திருப்பதும் தெரியும். தெரிந்ததால்தான் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக நாக்கில் வந்து உட்கார்ந்தது.

நாற்பது அக்கா தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆறு வருஷமா நடுங்காத கால் அண்ணே இது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்பது போல இருந்தது.

"வயசு ஆகுதுல்லம்மா" என்றேன்.

தம்பி அக்கா பக்கம் கையை நீட்டினார். "சாவியக் குடுக்கா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? திங்கக்கிழமையிலிருந்து வேற டிரைவர் போடுறேன்."

அவர் சாவியைக் கொடுத்தார். காரின் கதவைத் திறந்து பச்சைத் தலையணையை எடுத்து, வழக்கம்போல இரண்டு தட்டுத் தட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து போனார். தெருமுனை வரைக்கும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் நடையில் ஒரு சின்னச் சாய்வு உண்டு. அன்று அதை மறைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மிகவும் மெதுவாக நடந்தார்.

தம்பி, புது டிரைவர் வருவதற்குள் ஆயில் மாற்றிக் கழுவி வைக்கச் சொல்லி, மாற்றுச் சாவியோடு காரை என்னிடமே விட்டுப் போனார். அன்று வெள்ளிக்கிழமை.

மறுநாள் ஆயில் மாற்ற அந்த டப்பாவை எடுத்தேன். அடியில் காகிதம். கொட்டகையில் யாரும் இல்லை. பானட் மேல் வைத்து எழுத்துக்கூட்டினேன். 'ஆஸ்பத்திரி மேடு, நாலு பேர், உதறியது. ஆஸ்பத்திரி மேடு, நாலு பேர், நின்றது. திரும்பி வரும்போது இறக்கம், நாலு பேர், ஒன்றும் இல்லை. கடைக்குத் தனியாகப் போனேன், ஒன்றும் இல்லை. பாலம் ஏற்றம், நாலு பேர், உதறியது.' இப்படிப் பதினோரு வரி. ஆயில் வட்டம் பட்டு இரண்டு வரி அழிந்திருந்தது. மீதி ஒன்பதும் ஒரே சேதியைத்தான் சொன்னது. ஏற்றம், பாரம். இரண்டும் சேர்ந்தால் மட்டும்.

நான் ஓட்டிப் பார்த்தது தனி ஆளாக, சமதரையில்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம், "கொஞ்சம் வண்டியில ஏறு" என்றேன்.

"எங்கங்க? இந்தக் கோலத்துலயா?"

"மேட்டு வரைக்கும். பாரம் வேணும்."

"பாரமா? நான் பாரமா உங்களுக்கு?"

பக்கத்தில் டயர் கடைக்காரர் இருந்தார். அவரையும், அவரைவிடப் பருத்த அவருடைய மச்சானையும் கூப்பிட்டேன். மச்சான் ஏறியதும் கார் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. "மாமா, இது சோதனையா, தண்டனையா?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியிருப்போம். கார் ஒரு வெட்டு வெட்டியது. இழுவை விட்டது. மறுபடி பிடித்தது. மறுபடி வெட்டியது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. என் கால் பெடல் மேல் அப்படியே இருக்கிறது. நான் அதை அசைக்கவில்லை. இன்ஜின் அணைந்து போயிற்று.

முன் சீட்டில் இருந்த என் மனைவி மெதுவாகக் கேட்டாள். "இப்ப யாரு கால் நடுங்குச்சுங்க?"

தள்ளி ஓரம் கட்டி, ஒரு வழியாகக் கொட்டகைக்கு வந்தோம். மனைவி வீட்டுக்குப் போகவில்லை. நான் முன் இருக்கையின் கால் வைக்கிற இடத்தில் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டியைத் தேடிப் பிடித்தேன். படம் வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, நிறம் தெரியும். பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட வயர் சென்சாரிலிருந்து புறப்படுகிறது. அதே நிறம் இங்கே வந்து சேர வேண்டும். வந்திருந்தது. இந்த முறை சாக்கெட்டின் பின்பக்கமாகக் கம்பியைச் செருகினேன். முப்பது வருடமாக வராத பொறுமை அன்றைக்கு வந்தது.

சாவியைப் போட்டு, இன்ஜினைக் கிளப்பாமல் அளந்தேன். சென்சார் பக்கம் அரை வோல்ட். கம்ப்யூட்டர் பக்கமும் அரை. மனைவியைப் பெடலை மெதுவாக அமுக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் சீராக ஏறியது. நின்ற வண்டியில் குறை இல்லை. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது என்ன ஆகிறது? இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாய்ந்தால் வயர் கட்டு இழுபடும். பானட்டைத் திறந்து மனைவியை இன்ஜின் பக்கம் நிற்க வைத்தேன்.

"அந்தக் கறுப்பு டேப் சுத்தின வயர் கட்டு இருக்கு பாரு, அதைப் பிடிச்சு உன் பக்கம் லேசா இழு."

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது."

"அடிச்சா அடிக்கட்டும்னு சொல்ற மாதிரியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள்.

கம்ப்யூட்டர் பக்கத்து மீட்டரில் எண் சரிந்து பூஜ்யத்துக்குப் போயிற்று. விடச் சொன்னேன். அரை வோல்ட் திரும்பியது. மறுபடி இழுக்கச் சொன்னேன். பூஜ்யம். சென்சார் பக்கம் வைத்துப் பார்த்தால், இழுத்தாலும் அரை வோல்ட் அப்படியே இருந்தது. ஆக, சென்சார் நல்லது. இரண்டுக்கும் நடுவில் வயர் செத்திருக்கிறது.

கட்டின் டேப்பைப் பிரித்தேன். ஒரு முழம்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. இன்ஜின் ஓரம் வளைகிற இடத்தில், பச்சை வயரின் தோலில் ஒரு ஓட்டை. உருண்டை ஓட்டை இல்லை, நீளவாக்கில் கீறினாற்போல. வயரை அங்கே மடக்கினேன். உள்ளிருந்து பாசி நிறத்தில் பொடி உதிர்ந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போய்ச் செம்பை அரித்துத் தின்றிருக்கிறது. பத்திருபது நூல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

என் சட்டைக் காலரில் செருகியிருந்த ஊசியை எடுத்து அந்த ஓட்டையில் வைத்தேன். உறையில் கத்தி போல உட்கார்ந்தது. சுற்றிலும் பார்த்தேன். சிவப்புப் பூச்சு எங்கும் இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது ஒன்று சொல்கிறவள், சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

கெட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர் வைத்துப் பற்றவைத்து, மூடினேன். வெட்டிய துண்டைக் குப்பையில் போட்டேன். பிறகு குப்பையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். தம்பிக்குப் போன் செய்தேன்.

"தம்பி, குறை அகப்பட்டது. ஒரு வயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கு. சரி பண்ணிட்டேன்."

"அப்படியா? வயர் பழசாயிடுச்சா அண்ணே?"

ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. "ஆமா தம்பி, பழசு" என்றேன்.

"நல்லவேளை. புது டிரைவருக்குத் தொந்தரவு இருக்காது."

"அக்காவே ஓட்டலாமே தம்பி. குறைதான் தீர்ந்துபோச்சே."

"வயரு தீர்ந்துது. கால் விஷயம் நீங்க சொன்னது சொன்னதுதானே? நானும் யோசிச்சுப் பார்த்தேன். நோயாளிங்க விஷயம். வேண்டாம்."

போனை வைத்துவிட்டார். பாதி உண்மை சொன்னால் பாதிக் காரியமாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன். நான் விட்ட வார்த்தை வயரைப் போல வெட்டி எடுக்கிற இடத்தில் இல்லை.

சாயங்காலம் வழக்கமாக வேண்டிக்கொள்கிற நேரத்தில் உட்கார்ந்தேன். கையைக் கூப்ப முடிந்தது, வாயைத் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு வண்டி மேலும் கை வைத்து, போகிறவர்கள் பத்திரமாகப் போக வேண்டும் என்று கேட்கிறவன் நான். அந்த வண்டிக்கு அந்த மேட்டில் நான்தான் குழி வெட்டியிருக்கிறேன். அந்த வண்டியை அவர் ஆறு வருடமாகத் துணி திணித்த காலால் ஏற்றி இறக்கியிருக்கிறார். எதைச் சொல்லி ஆரம்பிப்பது? எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது அக்கா வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. வாசல் படியில் அவருடைய ஷூ காய்ந்துகொண்டிருந்தது, கழுவியிருக்கிறார். பக்கத்தில் சுருட்டிய துணி தனியாக. வெறும் காலோடு வெளியே வந்தவர் என்னைக் கண்டதும் உள்ளே போய், காலில் ஏதோ சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தலை தானாகத் தொங்கிவிட்டது.

வயர் துண்டை நீட்டினேன். சொன்னேன். ஊசி, ஓட்டை, பூச்சு வைக்காதது, எண் விழுந்ததைத் தெரிந்துகொண்டே காலைக் குறை சொன்னது, காகிதத்தைப் படிக்காதது, எல்லாம். எதையும் மென்று விழுங்கவில்லை. அவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதாம்மா."

"ராத்திரியெல்லாம் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் அண்ணே. நடுங்குதா, நடுங்குதான்னு. பார்க்கப் பார்க்க நிஜமாவே நடுங்குற மாதிரி இருந்துச்சு." துண்டை விரலில் உருட்டினார். பிறகு கேட்டார். "தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"வயர் அறுந்ததுன்னு சொன்னேன்."

"ஊசின்னு?"

"சொல்லல."

"காலைப் பத்திச் சொன்னது பொய்ன்னு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் துண்டை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு என் காலைத் தெரியும். அங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

தம்பி வீட்டில் அவர் பாயில் படுத்தபடி இருந்தார். புது டிரைவரும் வந்து உட்கார்ந்திருந்தார், மறுநாள் வழியெல்லாம் கேட்டுக்கொள்ள. அந்நிய ஆள் இருக்கிறாரே என்று கால் பின்வாங்கியது. ஆட்கள் முன்னால் சொன்ன பொய்யை ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத் திருத்துவது என்ன நியாயம் என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன்.

தம்பி எழுந்து உட்கார்ந்தார். முதுகு வலியில் முகம் சுருங்கியது. "உங்க கொட்டகையில ஆளுங்க முன்னாடி எங்க அக்கா மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"உங்களைத் திட்டணும்னு வாய் வரைக்கும் வருது." நிறுத்தினார். "நீங்க சொன்னதும் நான் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கலையே. ரெண்டு விரல்தானேன்னு எனக்கு எப்பவும் உள்ளுக்குள்ள இருந்திருக்கு. அதான் பட்டுனு நம்பிட்டேன்."

புது டிரைவர் நல்ல மனிதர். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "அப்ப நான் கிளம்புறேங்க. எனக்கு நாற்பதுல ஓட்டவும் வராது" என்று எழுந்து போனார்.

தம்பி அக்காவிடம் வாங்கிய சாவியை ஆணியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே குடுத்துடுங்க அண்ணே. எனக்கு முகம் இல்ல."

"எனக்கு மட்டும் இருக்கா தம்பி?"

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நான் சாவியைப் பிடித்துக்கொண்டு. காரை என் கொட்டகையிலிருந்து அக்கா வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது நாற்பது அக்கா ஷூ போட்டு, தலையணையோடு தயாராக நின்றார். சாவியை வாங்கிக்கொண்டார். தலையணையைப் போட்டு உட்கார்ந்து, "ஏறுங்க ரெண்டு பேரும். இன்னும் ஒரு ஆள் வேணும்" என்றார்.

தபால்காரர் வீட்டு வாசலில் நிறுத்தி அவரையும் ஏற்றினார். "இன்னைக்கு ஆஸ்பத்திரி இல்லையேம்மா?" என்றார் அவர்.

"சும்மா ஒரு சுத்து ஐயா."

ஆஸ்பத்திரி மேட்டில் சரியாகப் பாதியில், முன்பு தேர்வில் வண்டி பின்னால் உருண்டது போன்ற செங்குத்தில், அவர் வேண்டுமென்றே நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். எல்லோரும் காத்திருந்தோம். பிறகு பிரேக்கை விட்டு எடுத்தார். ஒரு விரல்கடை கூடப் பின்னால் போகவில்லை. உதறவும் இல்லை. மேலே போய்த் திருப்பி, இறங்கி, மறுபடியும் ஏறி, மறுபடியும் நடுவில் நிறுத்தி எடுத்தார். மூன்று தடவை. நான் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நடுங்குச்சா அண்ணே?"

"இல்லம்மா."

"சத்தமாச் சொல்லுங்க. ஐயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

சத்தமாகச் சொன்னேன். தபால்காரருக்கு என்ன ஏது என்று புரியவில்லை. "எது நடுங்கல?" என்று கேட்டார். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு நாற்பது அக்கா என்னிடம் காரைக் கொண்டுவரவில்லை. ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் வேறு இடத்தில். என் கொட்டகையைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முள் நாற்பதைத் தாண்டாமல் போவதால் வெகு நேரம் கண்ணில் தெரியும். நான் எழுந்து நிற்பேன். தபால்காரர் மட்டும் கை ஆட்டுவார். சாக்கு ஊசியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதைத் தைக்கத்தான் வைத்திருக்கிறாள். வேண்டிக்கொள்ள வாய் திரும்பி வந்துவிட்டது. ஆனால் பானட்டில் கை வைக்கும்போது இப்போதெல்லாம் வேறு ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். அது எனக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கட்டும்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் கார் வந்து என் கொட்டகை முன்னால் நின்றது. நாற்பது அக்கா இறங்கினார். முன் சக்கரத்தில் ஏதோ சத்தமாம். கையில் காலண்டர் தாள். அன்றும் ஆட்கள் இருந்தார்கள். டயர் கடைக்காரரும், இன்னும் இரண்டு பேரும்.

காகிதத்தை வாங்கினேன். பானட்டைத் தொடுவதற்கு முன்னால், அங்கேயே வெளிச்சத்தில் நின்று, முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். உதடு அசைந்தது. ஏழு வரி. நேரம் ஆயிற்று. ஒரு வார்த்தை பிடிபடாமல் நின்றபோது அவர் எட்டிப் பார்த்து, "'திரும்பும்போது' அண்ணே" என்று எடுத்துக் கொடுத்தார்.